பூ கேட்டுச் சேர்த்த வகுப்பு

தை மாதம் என் மகன் கோகுல்ராஜை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவன் முகத்தில் புருவம் இல்லை. பதினைந்து வயதுப் பையன், ஒவ்வொரு மயிராக அவனே பிடுங்கியிருந்தான். படிப்பு ஹாலில் மூலைக்கு ஒரு கேமரா வைத்து, யாருக்காவது தலை தொங்கினால் மைக்கில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இவன் நம்பர் நூற்றுப் பதினான்கு. இப்போது கூப்பிடுவார்களோ, இப்போது கூப்பிடுவார்களோ என்று உட்கார்ந்திருக்கையில் கை தானாகப் புருவத்துக்குப் போய்விடுமாம். எங்கள் நாமக்கல் பக்கம் பிள்ளையை ஹாஸ்டலில் போடாதவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாங்களும் ஊரோடு ஒத்து ஓடினோம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லி எனக்கு இனி என்ன ஆகப்போகிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். மருந்து அதிகம் எழுதவில்லை. "யாரும் உத்து உத்துப் பார்க்காத இடத்துல கொஞ்ச நாள் இருக்கட்டும். வீட்டுலயே படிக்கட்டும். புருவம் தானா முளைக்கும்" என்றார். கோகுலை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். "மறுபடி ஆரம்பிச்சா வேரு செத்துடும், முளைக்காது. புருவம்கூடப் போகட்டும்மா. அடுத்து அவன் தன்னை என்ன பண்ணிக்குவான்னு என்னால சொல்ல முடியாது." அந்த வார்த்தையை நான் அன்றிலிருந்து வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போடும் லாரி. தீபாவளி கழிந்து வடக்கே போனால் ஆடிக்குத்தான் எங்கள் திருச்செங்கோட்டு ரிக்காரர்கள் வீடு திரும்புவார்கள். இவருடைய வண்டிகள் சத்தீஸ்கரில், ராய்ப்பூர் பக்கம் ஓடின. வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறதா, டீசல் எத்தனை லிட்டர் இருக்கிறது, எல்லாம் அவர் போனில் தெரியும். தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வீடும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை வீடியோவில் கூப்பிடுவார். "வாசக்கதவக் காட்டு. சமையக்கட்டக் காட்டு. அதாரு செருப்பு?" என்பார். பால்காரர் செருப்பாக இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒரு பகல் முழுக்க எடுக்க முடியாமல் போனது. மூன்றாம் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு வளைந்ததுதான் என் இடது கைச் சுண்டுவிரல். கோகுலுக்கு அப்போது பதினொரு வயது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அங்கே உட்கார்ந்து அழவும் செய்தார். நல்ல மனுஷர் என்றுதான் ஊர் சொல்லும். எனக்கும் பாதி நாள் அப்படித்தான் தோன்றும். என் அண்ணன் நாச்சிமுத்து வாழப்பாடியிலிருந்து வந்து விரலைப் பார்த்துவிட்டு, "ஒரு போன் போடு அம்மிணி, வண்டியோட வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போடவில்லை. வாழாவெட்டி என்று பேர் வாங்க எனக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை.

சரி, வீட்டுப் படிப்புக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பரீட்சை எழுதிக்கொள்ளலாம், பாடத்துக்கு மட்டும் ஆன்லைனில் ஒரு நல்ல கோர்ஸ் பிடித்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெண் பார்ப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது அது. ஒரு வாரம் இலவசம், மூன்று நாள் இலவசம் என்று ஏழு கோர்ஸ் பார்த்தோம். ஒன்றில் அணில் பொம்மை ஒன்று ஒவ்வொரு விடைக்கும் கைதட்டிக் கூத்தாடியது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு அணில். இன்னொன்றில் வாத்தியார் பேசிய வேகத்துக்கு அவருக்கே மூச்சு வாங்கியது. நம்பரைக் கொடுத்த பாவத்துக்கு ஏழு கம்பெனியும் மாற்றி மாற்றிப் போன் பண்ணி, என் பிள்ளையின் எதிர்காலம் நாளை மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று மிரட்டின.

கடைசியில் இரண்டு தேறின. பேர் எதற்கு, நாங்கள் வைத்த பேரே போதும். ஒன்று டீச்சர் கோர்ஸ். உண்ணாமலை டீச்சர் என்று ஒரு அம்மா தன் வீட்டிலிருந்து எட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தினார். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். "புரியலைன்னா கேமராவ அணைச்சுட்டு யோசிச்சுட்டு வாங்க, நான் எங்கயும் போகல" என்பார். மூன்றாம் நாள் விசில் சத்தத்தில் கணக்கை விட்டுவிட்டு அவர் எழுந்து ஓடியபோது கோகுல் சிரித்தான். ஹாஸ்டலிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்த வாரம் புருவத்தில் கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி மெல்லிசாக ஏதோ தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மற்றது கேமரா கோர்ஸ். பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் பீப் அடிக்கும். மூன்று பீப் ஆனால் அப்பா போனுக்குச் செய்தி போகும். சத்தம் போகாது, முகம் மட்டும் எந்நேரமும் அப்பா போனில் ஓடும். அர்த்தநாரிக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

"இது நல்லாருக்குது. வண்டி நின்னாத் தெரியற மாதிரி இவன் நின்னாலும் எனக்குத் தெரியும்" என்றார் போனில்.

"ஏனுங்க, டாக்டரம்மா சொன்னத மறந்துட்டீங்களா? கேமராவுக்குப் பயந்துதான அவன் இப்படி ஆனான்."

"அது ஊரான் ஊட்டுக் கேமரா. இது அப்பன் பாக்கறது. அப்பன் பாத்தாப் புள்ளைக்கு என்ன பயம்?"

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. நாலாம் நாள் அவராகவே, "ஆத்தாகிட்டப் பூ கேட்டுரலாம். அவ சொன்னாச் சரி" என்றார்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் பூ கேட்காமல் செய்வதில்லை. பெண் எடுக்க, கிணறு வெட்ட, வண்டி வாங்க எல்லாவற்றுக்கும் உண்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் ஒரே மாதிரிக் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். அறியாப் பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். எடுத்தது ஆத்தா வாக்கு. அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. வெள்ளை வந்தால் கேமரா கோர்ஸ், சிவப்பு வந்தால் டீச்சர் கோர்ஸ் என்று அவரே முடிவு செய்தார். பொட்டலம் கட்டும் வேலை என்னுடையது.

பாதிக்குப் பாதி என்று என் பிள்ளையை வைத்துச் சீட்டாட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் பேருக்கு ஒரு வெள்ளை அரளி வாங்கினேன். கொல்லையில் எங்கள் அடுக்கரளிச் செடியில் இரண்டு சிவப்புப் பூப் பறித்தேன். அந்த அடுக்கரளி ஊரில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. வெள்ளையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்து மஞ்சள் நூலால் கட்டினேன். வளைந்த விரலோடு முடிச்சுப் போட வெகுநேரம் ஆனது. ஆத்தாளிடமே திருட்டுத்தனம். செய்தேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்.

கோகுல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். காளியாத்தா கோவிலுக்கு வெளியே அவனை நிறுத்திவிட்டுத் தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு வந்தேன். பூசாரி சின்னண்ணன் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். அர்த்தநாரி வீடியோவில் வந்தார். அவர் பின்னால் ரிக் ஓடும் சத்தமும் வெள்ளைப் புழுதியும். போனைக் கோகுல் பிடித்துக்கொண்டிருந்தான். பூசாரி பேத்தி, ஐந்து வயசுக் குட்டி, கொஞ்சம்கூட யோசிக்காமல் இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. சின்னண்ணன் நூலைப் பிரித்தார்.

வெள்ளை அரளி.

நான் என் கையால் கட்டிய பொட்டலம். உள்ளே சிவப்பு வைத்த விரல் இதுதான்.

"இன்னொண்ணையும் பிரிங்க பூசாரி" என்றார் அர்த்தநாரி. அவர் அப்படித்தான், எதையும் இரண்டு தடவை அளந்து பார்ப்பார். சின்னண்ணன் பிரித்தார். அதில் சிவப்பு, என் அடுக்கரளி, இருந்தபடியே இருந்தது.

"பாத்தியா, ஆத்தா சொல்லீட்டா" என்றார் என் வீட்டுக்காரர், நிம்மதியாக. சின்னண்ணன் என் நெற்றியில் குங்குமம் வைத்தபோது, "ஏனம்மிணி இப்படி நடுங்கற" என்று கேட்டார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். என் விஷயத்தில் அது நிற்கக்கூட இல்லை.

இதுதான் நான் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை பண்ணிய திருட்டைச் சொல்லவில்லை, அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டேனே, அதைச் சொல்கிறேன். ஆத்தா என் கண் முன்னால் பூவின் நிறத்தை மாற்றிக் காட்டியிருக்கிறாள், இனி ஒரு வார்த்தை எதிர்த்தால் பிள்ளையையே எடுத்துக்கொள்வாள் என்று நம்பினேன். உண்ணாமலை டீச்சர் போன் பண்ணி, "கோகுல் வரலீங்களா, கேட்டதா சொல்லுங்க" என்றபோது நம்பர் மாறி வந்துவிட்டது என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

கேமரா கோர்ஸ் பங்குனியில் ஆரம்பித்தது. காலை ஆறு முதல் பத்து, பதினொன்று முதல் இரண்டு, மூன்று முதல் ஏழு. கோகுல் அறைக்குள் லேப்டாப் கேமராவின் பச்சைப் பொட்டு எரியும், அதன் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பான். முதல் வாரம் பீப் அடிக்கடி கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு கேட்கவே இல்லை. கண் இமைப்பதையும் குறைத்துக்கொண்டானோ என்று எனக்குச் சந்தேகம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், ஆனால் தட்டைப் பார்க்க மாட்டான். நேரே சுவரைப் பார்த்துக்கொண்டே கையால் தடவிச் சாப்பிடுவான். ஒரு நாள் ரசத்தில் கரப்பான் விழுந்து கிடந்ததை நான் கடைசி நேரத்தில் பார்த்துத் தட்டைப் பிடுங்கினேன். அவன் பார்க்கவே இல்லை.

எனக்கு வரும் வீடியோ அழைப்புகள் குறைந்தன. பத்து, நான்காகி, இரண்டாகி, சில நாள் ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பார்க்க முகம் ஒன்று கிடைத்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது சுகமாக இருந்தது. வாசலில் நின்று பூக்காரியிடம் பத்து நிமிஷம் பேசினேன். வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, "பையன் நல்லாப் படிக்கறான். புருவம்கூட நல்லா மொளைச்சிருச்சு பாரு, கருகருன்னு. டாக்டருக்கு என்ன தெரியும்" என்பார். எனக்கும் அறை வாசலில் நின்று பார்த்தால் புருவம் கருப்பாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் கேமராவில் நானும் விழுவேன் என்று போகவில்லை. சாப்பிட வரும்போது முடியை நெற்றியில் இழுத்து விட்டிருப்பான். இரவு அவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்தான். ஆத்தா தண்டித்துவிட்டுக் கொஞ்சம் இரக்கமும் காட்டுகிறாள் என்று விளக்குப் போட்டேன்.

வைகாசிக் கடைசியில் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. போகும் முன் கண்ணாடி முன்னால் நின்று புருவம் எழுதும் பென்சிலை எடுத்தேன். வருஷத்துக்கு நான்கு தடவைகூட நான் அதை எடுப்பதில்லை. போன தீபாவளிக்கு வாங்கியது. கட்டை விரல் நகம் அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புரிந்தது, ஆனால் புரிந்ததை உள்ளே விட மனம் ஒப்பவில்லை. எலி தின்றிருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

இன்னொரு பென்சிலைத் தேடுவது போல அவன் பையைத் திறந்தேன். அவன் காலை வகுப்பில் இருந்தான். பைக்குள் ஜியோமெட்ரி பாக்ஸ். அதற்குள் காம்பஸுக்குக் கீழே, காய்ந்து சருகாகிப் போன ஒரு பூ. இதழ் மேல் இதழாக அடுக்கி இருந்தது. எங்கள் வீட்டு அடுக்கரளி. காய்ந்தும் சிவப்பு முழுதாகப் போகவில்லை.

நான் அறைக்குள் போய்க் கேமராவில் படாத பக்கமாக அவன் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். பூவை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவன் தலையைத் திருப்பவில்லை. ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் என்ன நீட்டுகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"நீங்க ரெண்டுலயும் செவப்பு வெச்சதப் பாத்தனுங்கம்மா" என்றான். உதடு அசையவே இல்லை. எங்கே கற்றுக்கொண்டான் இப்படிப் பேச. "நீங்க சூடம் வாங்கப் போனப்ப ஒரு பொட்டலத்தப் பிரிச்சு, கோவில் செடியில வெள்ளப் பூவப் பறிச்சு மாத்தி வெச்சுட்டேன்."

"ஏன் சாமி?"

"அப்பா இன்னொண்ணையும் பிரிக்கச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டும் செவப்பா இருந்திருந்தா உங்கள உடுவாருங்களா?"

திரையில் யாரோ ஒருவர் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தார். என் மகன் அதைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் ஒண்ணத்தானுங்க மாத்துனேன். வெள்ள வந்தது ஆத்தா முடிவு. ஆனா அதும் நல்லதுக்குத்தானுங்க. இப்ப உங்களுக்குப் போன் வர்றதில்லையே."

மூன்று மாதம். மூன்று மாதமாக நான் வாசலில் நின்று பூக்காரியிடம் சிரித்துப் பேசிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் இவன் இங்கே உட்கார்ந்து விலை கொடுத்திருக்கிறான். ஆத்தா பூவை மாற்றவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை மாற்றினான், என் இன்னொரு விரல் வளையாமல் இருக்க. அதைத் தெய்வக் குற்றம் என்று நம்பி நான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது.

கிட்டத்தில் பார்த்தேன். புருவம் இருந்த இடத்தில் வெறும் தோல், அதன் மேல் பென்சில் கோடு. வியர்வையில் ஒரு ஓரம் இளகியிருந்தது. கண்ணை நன்றாகப் பார்த்தபோது கீழ் இமையிலும் மயிர் இல்லை.

எழுந்தேன். கேமராவுக்கு முன்னால் போய் நின்று அவன் தாடையைப் பிடித்தேன்.

"அம்மா, வேண்டாமுங்க" என்றான். முதல் தடவையாக அவன் உதடு அசைந்தது. "அப்பா வந்துருவாரு."

சேலை முந்தானையில் எச்சில் தொட்டு இடது புருவத்தைத் துடைத்தேன். பீப் அடித்தது. கன்னமெல்லாம் கருப்பு இழுகியது. இரண்டாவது பீப். வலது புருவத்தையும் துடைத்தேன். மூன்றாவது பீப் அடித்தபோது அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கேமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றேன். பார்க்கட்டும். பார்ப்பதற்குத்தானே ஆசைப்பட்டார்.

என் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஏழு தடவை அடித்து நின்றது. நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. புருவத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, திட்டு இல்லை.

"வாரேன்."

லேப்டாப்பை மூடினேன். பச்சைப் பொட்டு அணைந்தது. பிறகு நாச்சிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். நான்கு வருஷமாகப் போடாத போன். மண்டியில் மரவள்ளி மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. "அண்ணா, வண்டியோட வர்றீங்களா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தன பை?"

"ரெண்டு."

"வாரேன் அம்மிணி" என்று வைத்துவிட்டார்.

வாழப்பாடியிலிருந்து இங்கே இரண்டு மணி நேரம். ராய்ப்பூரிலிருந்து இரண்டு நாள். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் வாழப்பாடிக்கு வழி என் வீட்டுக்காரருக்கும் தெரியும். பீரோவைத் திறந்து துணிகளை எடுத்துக்கொண்டே, "எந்திரிச்சு உன்ற புஸ்தகத்த எடுத்து வெய்யி கண்ணு" என்றேன். அவன் எழவில்லை. மூடிய லேப்டாப்பை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கை புருவத்துக்குப் போயிற்று, பிடிக்க அங்கே ஒன்றும் இல்லாமல் தடவிக்கொண்டிருந்தது.

"அதான் அணைச்சாச்சே சாமி. இனித் திரும்பிப் பாக்கலாம்."

"செரிங்கம்மா" என்றான். திரும்பவில்லை.